பால்மரத்தில் ஒரு துளை

ரவாங் பட்டணத்துக்கு வடக்கே, உலு சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த புக்கிட் செந்தோசாவில், வரிசை வீடொன்றின் முன்புறத்துக் கார் நிறுத்துமிடத்தைச் சிறிய மரப்பட்டறையாக மாற்றிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், சில மாதங்களுக்கு முன்பு என்னைத் தேடி வந்தார். கடையிலே மூன்று துளையிடும் யந்திரங்களைப் பார்த்துவிட்டு வந்திருப்பதாகவும், ஒன்று அரைக் குதிரைச் சக்தி, மற்றொன்று முக்கால், மூன்றாவது முழுக் குதிரைச் சக்தி என்றும், விலையும் அதே வரிசையில் ஏறுவதாகவும் சொல்லி, "எதை எடுக்கலாம் ஐயா?" என்று கேட்டார். கையில் பிடித்து ஓட்டும் டிரில் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது, இரும்புத் தூணொன்றில் பொருந்தி நின்று, மேசைமேல் வைத்த பலகைக்குச் செங்குத்தாக இறங்கித் துளைக்கும் யந்திரம். பட்டறைக்காரர்கள் டிரில்லிங் மிஷின் என்பார்கள், நான் துளைப்பொறி என்று எழுதுகிறேன்.

"தம்பி, எந்த மரத்தில் வேலை செய்யப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் கொஞ்சம் வியப்போடு, "பெரும்பாலும் ரப்பர் பலகைதான் ஐயா, எப்போதாவது செங்கால், மெர்பாவ்" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையில் பாதி இந்த வாக்கியத்திலேயே அடங்கியிருக்கிறது என்பதை அவருக்கு விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அன்று சொன்னவற்றையே, சொல்ல மறந்த சிலவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றி. பிரேசில் தேசத்துக் காடுகளிலிருந்து 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயரால் லண்டன் கியூ தோட்டத்துக்கு விதைகளாகக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே முளைத்த நாற்றுகளில் இருபத்திரண்டு 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர, அவற்றின் சந்ததியாக மலாயாவெங்கும் பரவிய ரப்பர் மரத்தை நம்மவர்கள் பால்மரம் என்று அழைத்தார்கள். கித்தா என்ற மலாய்ச் சொல்லையும் தமிழாக்கிக்கொண்டார்கள். கோலா சிலாங்கூரிலிருந்து உலு சிலாங்கூர் வரையிலும் இருந்த தோட்டங்களில் நம் முன்னோர் மூன்று தலைமுறையாக விடியுமுன் எழுந்து வெட்டிய மரம் அது. நட்டு ஐந்தாறு ஆண்டுகளில் பால் தரத் தொடங்கி, இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் அதன் பால் வளம் குறைந்தபின், மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். அப்படிச் சாய்க்கப்பட்ட அடிமரங்கள் நெடுங்காலம் விறகாகவே போயின. ரப்பர் தாள்களை உலர்த்தும் புகைக்கூடத்திலும் செங்கற் சூளையிலும் அவை எரிந்தன. அந்த வெளிர்மஞ்சள் மரத்தில் மாவுச்சத்து மிகுதியாக இருப்பதால், அறுத்துப் போட்ட சில நாட்களுக்குள்ளேயே நீலப் பூஞ்சையும் துளைவண்டும் அதைப் பற்றிக்கொள்ளும் என்பதே அதற்குக் காரணம். அறுத்தவுடன் பலகையை அழுத்தக் கலத்தில் வைத்து போரான் உப்புக் கரைசலை உட்செலுத்தி, பிறகு உலர்த்தும் அறையில் பக்குவப்படுத்தும் முறை கைவந்தபிறகுதான் அது மேசையும் நாற்காலியும் கட்டிலுமாக மாறி, மலேசியாவின் மரச்சாமான் தொழிலுக்கு ஆதாரமான மூலப்பொருளாயிற்று. புக்கிட் செந்தோசாவிலிருந்து தெற்கே, ரவாங்கையும் தாண்டிச் சென்றால் வரும் கெப்போங்கில், 1929-இல் தோன்றிய வன ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்த மாறுதலில் பெரும்பங்கு உண்டு.

இதே மண்ணில் பால்மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட செம்பனைக்கு இந்தப் பாக்கியம் இல்லை. கோலா சிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தமிழ்ப் பெயரையே தாங்கிய தென்னமரம் தோட்டத்தில், 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை வாணிப நோக்கில் நட்டார். இந்த நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. செம்பனை, தென்னையைப்போலவும் மூங்கிலைப்போலவும் ஒருவித்திலைத் தாவரம். ஆண்டுதோறும் வெளிப்புறமாக மரத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் வளர்படலம் அதற்குக் கிடையாது. மென்மையான சோற்றுக்குள் நார்க்கட்டுகள் சிதறிக் கிடப்பதுபோன்றது அதன் தண்டு, நீர் நிறைந்தது, வெளிப்பக்கம் கெட்டியாகவும் நடுப்பக்கம் பஞ்சாகவும் இருப்பது. அதில் எவ்வளவு நல்ல பிட்டை, அதாவது துளைக்கும் அலகை, கொண்டு துளைத்தாலும் ஓட்டையின் விளிம்பு துடைப்பத்தின் நுனியாகப் பிரிந்து நிற்கும். பால்மரமோ உண்மையான மரம். அதனால்தான் அதிலே துளையைப் பற்றிப் பேசவும் இடமிருக்கிறது.

ஆயினும் அது எல்லாவிதத்திலும் சாதுவான மரம் என்று எண்ணிவிடக் கூடாது. உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் ரப்பர் பலகை 560 முதல் 640 கிலோ எடையுள்ளது. செங்கால் 915-லிருந்து 980 வரை. கிட்டத்தட்டத் தண்ணீரின் எடை. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ரப்பர் பலகை மிருதுவானது, எந்த யந்திரத்துக்கும் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் காற்றிலும் சரிவிலும் சாய்ந்து வளர்ந்த பால்மரங்கள், தம்மை நிமிர்த்திக்கொள்ளும் முயற்சியில், ஒரு பக்கத்தில் இழுவிசை மரம் எனப்படும் விசேஷத் திசுவை உண்டாக்குகின்றன. அந்த இடத்து நார்களின் உட்சுவரில் பசைபோன்ற ஒரு படலம் இருக்கும். கூர் மழுங்கிய கருவி பட்டால் அந்த நார்கள் அறுபடாமல் வளைந்து, ஈரக் கம்பளிபோல எழுந்து நிற்கும். துளையின் வாயில் தெரியும் அந்தப் பஞ்சை உப்புத்தாள் கொண்டு தேய்த்தாலும் அது படுத்து மறுபடியும் எழும். துளைப்பொறியில் குறை இருக்கிறதா, பிட்டில் குறை இருக்கிறதா, மரத்தில் குறை இருக்கிறதா என்று புதியவர் திகைத்துப்போவது இந்த இடத்தில்தான்.

மரத்தை ஒரு வைக்கோற்கட்டாகக் கற்பனை செய்துகொண்டால் துளையிடுதலின் சூட்சுமம் விளங்கும். இரும்பு எந்தத் திசையில் வெட்டினாலும் இரும்பு. மரத்தில் நெடுக்கே ஓடும் நார்களுக்கு இடையேயுள்ள பிணைப்பு குறைவு, நாரை நார்ப்போக்கில் பிளப்பது எளிது, குறுக்கே அறுப்பது கடினம். இரும்புக்கென்று செய்யப்பட்ட முறுக்கு பிட்டின் மூக்கு 118 பாகைக் கோணத்தில் சரிந்திருப்பதால், பலகையின் நடுவில் முதலில் இறங்கி, வெளிவிளிம்பை அடையும்போது அங்குள்ள நார்களை அறுப்பதற்கு முன்பே தூக்கிப் பெயர்த்துவிடுகிறது. மரத்துக்கென்று அமைந்த பிட்டில் நடுவே ஒரு முள்ளும் இருபுற ஓரங்களில் இரண்டு கூரிய கொம்புகளும் உண்டு. முள் இடத்தைப் பற்றிக்கொள்ள, கொம்புகள் வட்டமாக நாரை அறுத்துவைக்க, அதன்பிறகே உள்வாய்கள் அந்த வட்டத்துக்குள் இருப்பதைச் சீவி வெளியேற்றுகின்றன. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் வாழ்ந்த பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் என்பவர் 1874-இல் உரிமை பெற்ற பிட் இந்தக் கருத்தையே மேலும் ஒரு படி கொண்டுசென்றது. அதன் வெளிவளையமே கத்தியாகவும் வழிகாட்டியாகவும் இருப்பதால், துளை தட்டையான அடியோடு வழுவழுப்பாக வருகிறது, பலகையின் ஓரத்தில் பாதித் துளைகூட இடமுடிகிறது. அலமாரிக் கதவின் மறைகீலுக்கு வேண்டிய 35 மில்லிமீட்டர் குழியை இதைக்கொண்டுதான் எடுப்பார்கள். ஆனால் கையில் பிடித்த டிரில்லில் இந்தப் பிட் நிலைகொள்ளாமல் வழுக்கி ஓடும். தூணில் நிற்கும் யந்திரமே இதற்கு உகந்தது.

தச்சர் இடும் துளைக்குத் தமர் என்றும், துளைக்கும் கருவிக்குத் துறப்பணம், தமரூசி என்றும் நம் மொழியில் பழைய பெயர்கள் உண்டு. கயிற்றை வில்லில் கட்டிச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் துறப்பணத்தைத் தோட்டத்து ஆசாரிமார் கையில் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், துளையிட்ட கல்மணிகளோடு வேலை முடியாத மணிகளும் கிடைத்தன. மணியில் இடையே நின்றுபோன துளையைப் பார்க்கும்போது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்த அந்தக் கைவினைஞரும் வேகம், அழுத்தம், நேர்மை என்ற அதே மூன்று விஷயங்களோடு போராடியிருக்கிறார் என்று தோன்றுகிறது. வில்லில் இழுக்கும் துறப்பணத்துக்கு வேகம் குறைவு. அதனால் அதில் துளையிடும்போது மரம் கருகுவது அரிது. மின்சார யந்திரம் வந்தபிறகு பெருகிய தொல்லை அது.

நான் முதன்முதலாக வாங்கிய துளைப்பொறி ஒரு குதிரைச் சக்தி மோட்டார் பூட்டியது. விற்றவர் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார், நானும் அதிலேயே மயங்கினேன். ஒரு செங்கால் துண்டில் 50 மில்லிமீட்டர் துளையிடத் தொடங்கிய சில விநாடிகளில் புகை எழுந்தது. துளையின் சுவர் கரியாயிற்று. எடுத்துப் பார்த்தால் பிட்டின் விளிம்பு நீலம் பாரித்துக் கிடந்தது. அந்த யந்திரத்தின் மிகக் குறைந்த வேகமே நிமிடத்துக்கு 600 சுற்று என்பதையும், அதையும் நான் வைக்காமல் 1500-இல் ஓட்டியிருந்தேன் என்பதையும் பின்னர்தான் கவனித்தேன்.

சுழலும் பிட்டின் மையம் நகர்வதே இல்லை, விளிம்புதான் ஓடுகிறது. விளிம்பின் வேகத்தை அறிய, விட்டத்தைச் சுற்று எண்ணிக்கையாலும் மூன்றே ஏழில் ஒன்று என்று பள்ளியில் படித்த அந்த விகிதத்தாலும் பெருக்கினால் போதும். 8 மில்லிமீட்டர் பிட் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்தில் சுமார் 38 மீட்டர் ஓடுகிறது. அதே 1500-இல் 50 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு 235 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. ஓடும் தூரமெல்லாம் உராய்வு, உராய்வெல்லாம் உஷ்ணம். இரும்பில் துளையிடும்போது உஷ்ணத்தில் ஒரு பகுதியை இரும்பே வாங்கிக்கொள்ளும். மரமோ உஷ்ணத்தைக் கடத்துவதில் எஃகுக்கு ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு; ஆகையால் பிறக்கும் சூடு போக்கிடமின்றி பிட்டின் மெல்லிய விளிம்பிலேயே குவிகிறது. மலிவான ஃபோர்ஸ்ட்னர் பிட்டுகள் பல சாதாரணக் கரிம எஃகில் செய்யப்பட்டவை. அந்த எஃகு 230 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறம் கொள்ளும், 300-ஐ நெருங்கும்போது நீலமாகும், நீலம் கண்டபின் அதன் கடினத்தன்மை திரும்பாது. அதிவேக எஃகு என்று பெயர் பெற்ற வகை 550 பாகை வரையிலும் தாங்கும் என்றாலும், அதற்கு முன்பே மரம் கருகிவிடும் என்பதால் அந்தப் பெருமையால் துளைக்குப் பிரயோஜனம் இல்லை. அஞ்சி அஞ்சி மெதுவாக அழுத்துவதும் இதே கேட்டை விளைவிக்கும். பிட் சீவாமல் தேய்க்கத் தொடங்கிவிடும். சுருள் சுருளாகச் சீவல் வரும்வரை திடமாக அழுத்தி, அவ்வப்போது பிட்டை மேலே எடுத்துச் சீவலை உதிர்த்துவிட்டு மீண்டும் இறக்கவேண்டும்.

எனவே மரப்பட்டறைக்குத் துளைப்பொறி வாங்குபவர் கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது, 'இது எவ்வளவு மெதுவாகச் சுற்றும்?' என்பதே. 6, 8 மில்லிமீட்டர் போன்ற சிறு துளைகளுக்கு 1500-லிருந்து 3000 வரை எந்த யந்திரமும் தரும். 35 மில்லிமீட்டருக்கு ஐந்நூறு அறுநூறும், 50-ஐத் தாண்டினால் 250-லிருந்து 500-க்குள்ளும் வேண்டியிருக்கிறது. சிறிய மேசைப்பொறிகளில் பல இந்த அளவுக்கு இறங்குவதில்லை.

இங்கே மின்சார சாஸ்திரத்திலிருந்து ஒரு சிறு விஷயம் நமக்கு அனுகூலமாக அமைகிறது. துளைப்பொறிகளில் பெரும்பாலானவற்றை ஓட்டுவது நான்கு துருவத் தூண்டல் மோட்டார். அதன் காந்தப்புலம் சுழலும் வேகத்தை மின்னோட்டத்தின் அலைவெண்ணே நிர்ணயிக்கிறது. மலேசியாவில் அலைவெண் 50; ஆகவே புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்ற, மோட்டார் சற்றே பின்தங்கி 1440 அளவில் ஓடும். அமெரிக்காவில் அலைவெண் 60. அங்கே அதே வகை மோட்டார் 1725 ஓடுகிறது. அந்நாட்டு அட்டவணையை அப்படியே அச்சிட்டு ஒட்டிய யந்திரம் ஒன்றில் மிகக் குறைந்த வேகம் 620 என்றிருந்தால், 50 அலைவெண் மோட்டார் பூட்டி இங்கே ஓடும்போது அது ஆறில் ஐந்து பங்காகி, 517 அளவில்தான் சுற்றும். நமக்கு அது நல்லதே. ஆனால் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல், மோட்டாரின் தகட்டில் பொறித்திருப்பதைப் படித்துக் கணக்குப் போட்டுக்கொள்ளவேண்டும்.

1440-ஐ எப்படி இறக்குவது? மோட்டாரின் தண்டில் படிப்படியாகப் பெருத்த கப்பி ஒன்றும், பிட்டைச் சுற்றவைக்கும் சுழல்தண்டில் அதற்கு எதிர்மாறாக அடுக்கிய கப்பி ஒன்றும் இருக்க, பெல்ட்டைச் சிறிய படியிலிருந்து பெரிய படிக்கு மாட்டினால், மூன்றில் ஒரு பங்கென்று வைத்துக்கொண்டால், 480 கிடைக்கும். இரண்டு கப்பிகளோடு நின்றுவிடும் யந்திரம் இதற்குமேல் இறங்குவது அரிது. நடுவே மூன்றாவது கப்பி ஒன்றை வைத்து இரண்டு பெல்ட்டுகளால் ஓட்டும் யந்திரமோ, மூன்றில் ஒரு பங்கை மீண்டும் மூன்றில் ஒரு பங்காக்கி, 160 வரை இறங்கிவிடும். மேல்மூடியைத் திறந்து கப்பிகள் இரண்டா மூன்றா என்று பார்ப்பது கடையில் நின்றபடியே செய்யக்கூடிய காரியம். வேறு எதைப் பார்க்க மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

மெதுவாகச் சுற்றினால் சக்தி குறையாதா என்று அந்த இளைஞர் கேட்டார், நல்ல கேள்வி. அரைக் குதிரைச் சக்தி என்பது 373 வாட். இழப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பெல்ட்டின் வழியாக இறக்கிய 480 சுற்றில், 50 மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பில் அந்த மோட்டார் செலுத்தும் விசை ஏறத்தாழ 30 கிலோ எடைக்கு நிகரானது. அதே மோட்டார் 2400 சுற்றில் ஓடும்போது அந்த விசை 6 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. கிணற்றில் ஒற்றைக் கப்பியில் இழுப்பதற்கும் இரட்டைக் கப்பியில் இழுப்பதற்கும் உள்ள பேதம்தான். வேகத்தை விட்டுக்கொடுத்தவருக்கு வலிமை கிடைக்கிறது. இதனால்தான் மெதுவாகச் சுற்றும் அரைக் குதிரைச் சக்தி யந்திரம், வேகமாக மட்டுமே சுற்றத்தெரிந்த ஒரு குதிரைச் சக்தி யந்திரத்தைவிட மரத்தச்சருக்கு உற்ற துணையாகிறது. குமிழைத் திருகினால் மின்னணுக் கருவியின் மூலம் வேகம் குறையும் யந்திரங்களும் வருகின்றன, மிக வசதியானவை, ஆனால் கப்பி இல்லாமல் மின்னணுவால் மட்டும் குறைக்கும்போது வேகம் குறையுமே தவிர, கப்பியால் பெருகும் அந்த விசை பெருகாது. கப்பியும் குமிழும் இரண்டும் உள்ளதானால் தாராளமாக வாங்கலாம்.

வேகத்துக்கு அடுத்தது நேர்மை. பிட்டைப் பிடிக்கும் சக்கின் மையமும் சுழல்தண்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். சக் தன் கூம்பான தண்டின் வழியாகச் சுழல்தண்டின் குழிக்குள் பொருந்துகிறது. 1860-களில் அமெரிக்காவின் ஸ்டீஃபன் மோர்ஸ் வகுத்த அளவு இன்றைக்கும் உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இருபதுக்கு ஒன்று என்னும் அளவில் மட்டுமே சரியும் அந்தக் கூம்பின் சாய்வு மிகச் சிறியது. இரு எஃகுப் பரப்புகளுக்கு இடையேயுள்ள உராய்வு அந்தச் சாய்வை வென்றுவிடுவதால், திருகோ ஆணியோ இல்லாமலே ஒருமுறை தட்டிச் செருகியது அப்படியே நின்றுவிடுகிறது. அந்தக் கூம்பில் மரத்தூள் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும், எண்ணெய் பூசியிருந்தாலும், இந்த மாயம் பலிக்காது. சக் சாயும் அல்லது கழன்று விழும். விழுந்த சக்கைக் கொண்டுவந்து யந்திரமே சரியில்லை என்று முறையிடுகிற பலருக்கு நான் செய்துகொடுத்த சிகிச்சை, ஒரு சுத்தமான துணியால் இரண்டு பரப்பையும் துடைத்து மறுபடி செருகியது மட்டுமே.

நேர்மையைச் சோதிக்க டயல் கேஜ் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டே அளப்பார்கள். இல்லாதவர் ஒரு நேரான எஃகுக் கம்பியைச் சக்கில் பூட்டி, அதன் அருகே ஒரு பென்சில் நுனியை அசையாமல் வைத்து, யந்திரத்தை ஓட்டாமல் கையாலேயே சுழல்தண்டைத் திருப்பிப் பார்க்கலாம். பென்சிலுக்கும் கம்பிக்கும் இடையேயுள்ள கீற்று ஒரு சுற்றில் விரிந்து சுருங்கினால் அது ஆட்டம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்தை மரம் பொறுத்துக்கொள்ளும். அதைவிட மிகுந்தால், 8 மில்லிமீட்டர் துளை எட்டைத் தாண்டிப் போய்விடும்; அதில் இறக்கிய மரமுளையைச் சுற்றி வெற்றிடம் உண்டாகும்; வெள்ளைப் பசை மெல்லிய படலமாக இருக்கும்போதே வலுவாகப் பிடிக்கும் சுபாவமுள்ளது, இடைவெளியை அடைத்து நிற்க அதற்கு வலுவில்லை. நாற்காலி ஒரு வருஷத்தில் ஆடத் தொடங்குவதன் காரணம் பல வேளைகளில் இப்படி யந்திரத்தின் சக்கில் இருக்கிறது. அடுத்து, சுழல்தண்டை முழுவதும் கீழே இறக்கி நிறுத்திக்கொண்டு, சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் அந்த யந்திரத்தை விட்டுவிடுங்கள். சக்கைப் புதிதாக வாங்கி மாற்றலாம், இந்த ஆட்டத்தை மாற்றமுடியாது.

தூணின் பருமனையும் கவனிக்கவேண்டும். நாம் பிடியை இழுத்து அழுத்தும்போது யந்திரத்தின் தலை மேல்நோக்கித் தள்ளப்பட்டு, தூண் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பின்னே வளைகிறது. வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் நான்காம் மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. 60 மில்லிமீட்டர் தூணைவிட அதே வகையான 80 மில்லிமீட்டர் தூண் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது. தூணுக்கும் பிட்டுக்கும் இடையேயுள்ள தூரம் அதிகமாக இருந்தால் அகலமான பலகையின் நடுவிலும் துளைக்கலாம் என்பது உண்மைதான்; ஆனால் மெல்லிய தூணில் நீண்ட தலையை நிறுத்தியிருந்தால், வாங்குபவர் அந்த அகலத்துக்கு நேர்மையை விலையாகக் கொடுக்கிறார். கனமான வார்ப்பிரும்பினால் ஆன தலையும் அடியும் விரும்பத்தக்கன. வார்ப்பிரும்பினுள் இதழ் இதழாகப் பரவிக் கிடக்கும் கரி, அதிர்வை விழுங்கிவிடுகிறது.

சுழல்தண்டு ஒரு முறையில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைப் பலர் கேட்பதில்லை. 50 மில்லிமீட்டரே இறங்கும் யந்திரத்தில் 75 மில்லிமீட்டர் கட்டிலின் காலைத் துளைக்க, பாதியில் நிறுத்தி மேசையை உயர்த்தி மீண்டும் தொடங்கவேண்டும். இரண்டு துளைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு படி உண்டாகும். 80 இறங்குமானால் வேலை ஒரே மூச்சில் முடியும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய யந்திரங்களைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அவற்றில் சில, இரும்பின் கனத்திலும் தாங்கிகளின் தரத்திலும் இன்றைய புதியவற்றை வெட்கப்படச் செய்பவை. எனக்கு அவற்றின்மீது பிரியம் அதிகம். ஆனால் அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230 வோல்ட் தரும் இணைப்பில் அப்படியே செருகினால் மோட்டார் எரிந்துவிடும். தவிரவும், டோக்கியோ பக்கத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய யந்திரங்களையும் ஒசாக்கா பக்கத்தார் அமெரிக்க யந்திரங்களையும் வாங்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கியதால், அந்த ஒரே நாட்டில் கிழக்கே அலைவெண் 50, மேற்கே 60 என்று இன்றும் நிலைத்துவிட்டது; ஆகவே யந்திரம் எந்தப் பக்கத்தது என்பதைப் பொறுத்து அதன் வேகக் கணக்கும் இங்கே மாறும். மூன்று முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரானால் ஒருமுனை மின்சாரம் உள்ள வரிசை வீடுகளில் அது ஓடாது. மோட்டாரை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதன்பிறகும் மலிவாக இருந்தால் வாங்கலாம்.

வாங்கியபின் செய்யவேண்டியவை சில. துளைப்பொறியின் இரும்பு மேசை இரும்பு வேலைக்காக அமைந்தது; அதன்மேல் ஓர் அகலமான பலகையைப் பொருத்தி, பின்புறம் தடுப்புக்கட்டை ஒன்றும் வைத்துக்கொண்டால்தான் மரவேலைக்கு ஆகும். துளையின் அடியில் எப்போதும் ஒரு கழிவுப்பலகை இருக்கட்டும்; பிட் வெளியே வரும் வேளையில் நார்கள் தாங்குவாரின்றிப் பெயர்ந்துவிடுவதை அது தடுக்கும். மாலை மழையும் ஈரக்காற்றும் நீங்காத எங்கள் பக்கத்தில், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் மேசையில் செந்துரு பூத்துவிடும். மெழுகு தேய்த்துவைப்பது நல்லது.

ஓட்டுபவருக்கு அபாயம் நேராமல் காப்பதில் ஒரு சிறு பௌதிகம் உண்டு. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள்ளின் திசையில் சுற்றுகிறது. பிட் பலகையைக் கவ்விக்கொண்டால் பலகையும் அதே திசையில் சுழலும். நமக்கு இடப்புறம் நீண்டிருக்கும் பகுதி தூணை நோக்கிப் போகும், வலப்புறத்தது நம் வயிற்றை நோக்கி வரும். ஆகையால் பலகையின் நீண்ட பக்கம் இடப்புறம் இருக்கும்படியாகவும், தூணின் இடப்பக்கத்தில் அது சார்ந்து நிற்கும்படியாகவும் வைத்தால், கவ்விய கணமே தூண் அதைத் தடுத்துவிடும். கையுறை கூடாது, தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல், வளையல் எதுவும் கூடாது. கையுறை விரலைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. சுழலும் பிட்டில் அதன் ஒரு நூல் சிக்கினால் கை முழுவதையும் அது இழுத்துப்போய்விடும்.

அந்த இளைஞர் கடைசியில் வாங்கியது முக்கால் குதிரைச் சக்தி யந்திரம், மூன்று கப்பிகள், 80 மில்லிமீட்டர் இறக்கம். கடையிலேயே எஃகுக் கம்பியைப் பூட்டிப் பென்சில் வைத்துப் பார்த்தாராம். முதல் வேலையைப் பார்க்க என்னை அழைத்தார். ரப்பர் பலகையில் வரிசையாக எட்டு மில்லிமீட்டர் துளைகள் இட்டுக்கொண்டே வந்தவர், ஐந்தாவது துளையை மூன்று முறை முயன்றும் பிட் ஒரே பக்கமாக விலகியதைக் கண்டு, சக்கைத் துடைத்தார், கம்பியைப் பூட்டிப் பார்த்தார். யந்திரத்தில் ஒரு குறையும் காணோம். நாற்பது ஆண்டு தோட்டத்தில் பால் வெட்டிய அவருடைய பாட்டி, வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து அந்த இடத்தில் பெருவிரலை வைத்துத் தடவினார். அங்கே நார் சுழித்துக்கொண்டு, கையகலத்துக்குக் கொஞ்சம் கறுத்திருந்தது.

பட்டைக்கும் மரத்துக்கும் இடையே வளர்படலம் இருக்கிறது. பால் வெட்டும் கத்தி அதைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான பட்டையை மீதம் விட்டு நிற்கவேண்டும். கத்தி அந்த எல்லையைத் தாண்டினால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் தாறுமாறாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. மூடியது பல ஆண்டு கழித்துப் பலகையில் இப்படித் தெரிகிறது. அந்தச் சுழித்த நாரில் ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் இளக்கம். பிட் இளகிய பக்கத்துக்கே நகரும்.

"இது ஆழமா வெட்டின காயம்ப்பா. கைப்பழக்கமில்லாத யாரோ வெட்டியிருக்காங்க" என்றார் பாட்டி. பிறகு பலகையின் மற்ற பகுதியை விரலால் நெடுகத் தடவிப் பார்த்து, "இங்க போடு, இங்க சுத்தமா இருக்கு" என்று ஓர் இடத்தைக் காட்டினார். இளைஞர் தடுப்புக்கட்டையை இரண்டு விரற்கடை தள்ளிப் பூட்டினார்.